ஸ்டீயரிங் தண்டை வீட்டிலேயே முடித்துக்கட்டலாம்!

வாழ்த்துகள். பதினைந்து வருடப் பழைய ஜெர்மன் செடானை, புதிய சின்ன கார் ஒன்றின் விலைக்கே பேசி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிறார். மாமனார் கேட்காமலே முன் சீட்டில் ஏறிக்கொள்கிறார். குறை ஒன்றே ஒன்றுதான். சாவியை எடுத்ததும் தானாக மேலே எழுந்து உங்களுக்கு வழிவிட வேண்டிய ஸ்டீயரிங், பாதி வழியில் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. நீங்கள் தொப்பையை எக்கிக்கொண்டு, ஒரு காலை வெளியே நீட்டி, பக்கவாட்டில் நழுவி இறங்குகிறீர்கள். வாட்ச்மேன் நாகரிகமாக வேறு பக்கம் பார்க்கிறார்.

விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் போனால் இது சரியாகிவிடும் அபாயம் இருக்கிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்த கையோடு, கீழ்க்கண்ட முறையில் தொடங்குங்கள். பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, முறையாக இன்னொரு தடவை செய்யலாம்.

1. என்ன கோளாறு என்று பார்த்துவிடாதீர்கள்

பெரும்பாலான வண்டிகளில் விஷயம் எளிமையானது. ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் இரண்டு குட்டி மோட்டார்கள். ஒன்று மேலும் கீழும் நகர்த்த, இன்னொன்று முன்னும் பின்னும் நகர்த்த. மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும், அது மரை போட்ட கம்பி ஒன்றைச் சுற்றும், கம்பியில் ஏறி இறங்கும் நட்டு தண்டைத் தள்ளும். எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல ஒரு சென்சார். அவ்வளவுதான்.

சுவிட்சைத் தொட்டுவிட்டுக் காதைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. சத்தமே இல்லையா, முதல் சந்தேகம் ஃபியூஸ், சுவிட்ச், வயர். மோட்டார் ஜோராகச் சுற்றுகிறது, தண்டு மட்டும் அசையவில்லையா, பல் போயிருக்கும். கொஞ்சம் நகர்ந்து முனகி நிற்கிறதா, பழைய கிரீஸ் காய்ந்து தூசியோடு சேர்ந்து மெழுகாகியிருக்கும். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் இத்தனை வருடம் வெந்த கிரீஸ் வேறு என்ன ஆகும்?

இதற்கு அரை நிமிடம் போதும். அதனால்தான் செய்யக் கூடாது. பாட்டைச் சத்தமாக வையுங்கள்.

2. சுவிட்சை விடாதீர்கள்

நகரவில்லை என்றால் இன்னும் அழுத்துங்கள். விரல் வலித்தால் மகனைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லுங்கள். கூடவே இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து மேலே தூக்குங்கள். சுற்ற முடியாமல் சிக்கி நிற்கும் மோட்டார்தான் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகும் என்பதும், உள்ளே இருக்கும் பல்சக்கரம் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதும் உங்களை எந்த விதத்திலும் தடுக்க வேண்டாம். ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். காலையில் கிரீஸ் பிரச்சினையாக இருந்தது இப்போது பல்சக்கரப் பிரச்சினையாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

3. ஃபியூஸ் போயிருந்தால் பெரிதாகப் போடுங்கள்

பத்து ஆம்பியர் எரிந்ததா, முப்பது போடுங்கள். முப்பது கைவசம் இல்லையா, சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் இருக்கிறது. வயர் எரிவதற்கு முன்னால் தான் எரிந்துபோவதுதான் ஃபியூஸின் வேலை. அந்த வேலையை இனி வயரே பார்த்துக்கொள்ளும், டேஷ்போர்டுக்குள், யார் கண்ணிலும் படாமல்.

4. கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுங்கள்

முதல் மரியாதை டபிள்யூடி-40க்கு. 1953இல் அமெரிக்காவின் சான் டியகோ நகரில், நாற்பதாவது கலவையில் வெற்றி கிடைத்ததால் அந்த எண். தண்ணீரை விரட்டித் துருவைத் தடுக்கத்தான் அதைத் தயாரித்தார்கள். அட்லஸ் ராக்கெட்டின் தோலுக்கே அதைத்தான் பூசினார்கள். ராக்கெட்டுக்கு ஆகிறது, நம் காருக்கு ஆகாதா என்று தாராளமாக அடியுங்கள். மிச்சம் ஒட்டியிருந்த கிரீஸையும் அது கரைத்துக் கழுவிவிடும். இரண்டு நாள் ஸ்டீயரிங் வெண்ணெயாக வழுக்கும். அந்த இரண்டு நாளில் எல்லோரிடமும் பெருமையடித்து முடித்துவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து முன்பைவிட மோசம்.

அப்போது வீட்டிலிருந்து ஓர் ஆலோசனை வரும்: “தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடறேன், நல்லாத்தானே ஓடுது?” ஏற்றுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். நீங்கள் ஏசியை 22இல் வைப்பவர். வெயிலில் நிற்கும்போது ஓடுகிற ஸ்டீயரிங், குளிரக் குளிர ஓட்டிப்போய் நிறுத்தினால் ஏன் சிக்குகிறது என்று பல மாதம் யோசிக்கலாம்.

பழைய கிரீஸை வழித்துத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை லித்தியம் கிரீஸோ சிலிக்கான் கிரீஸோ, வண்டியின் கையேடு சொல்வதை, மரையில் மெல்லிசாகத் தடவலாம் என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு வேலைவெட்டி இல்லை.

5. இனி கழற்றுங்கள்

தண்டைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் உறையில் எங்கே ஸ்க்ரூ, எங்கே கிளிப் என்று தேடாதீர்கள். தட்டையான ஸ்க்ரூ டிரைவரைச் சந்தில் விட்டு நெம்புங்கள். உடைகிற சத்தம் வரும் இடத்தில் கிளிப் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஜெர்மன்காரர்கள் பல இடத்தில் நட்சத்திரக் குழி வைத்த ஸ்க்ரூக்களைப் போட்டிருப்பார்கள். அதற்கு டார்க்ஸ் பிட் வேண்டும். உங்களிடம் இருப்பது மிக்ஸி பிளேடு கழற்ற வாங்கிய ஸ்பானரும், ஒரு அலன் கீயும். ஏறக்குறைய பொருந்துகிற அலன் கீயைப் போட்டு முழு பலத்தோடு திருகுங்கள். நட்சத்திரம் வட்டமாகிவிடும். வட்டத்தைத் திருக இன்னும் யாரும் கருவி கண்டுபிடிக்கவில்லை.

6. ஏர்பேக்கை அலட்சியப்படுத்துங்கள்

இங்கேதான் சராசரி ஆட்களும் துணிந்தவர்களும் பிரிகிறார்கள். இந்தியாவில் 2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான கார்கள் எல்லாவற்றிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். உங்கள் ஜெர்மன் வண்டி சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை, அதற்கு முன்பே வைத்துவிட்டது. ஸ்டீயரிங்கின் நடுவில், ஹாரன் அடிக்கும் இடத்தில், மடித்து வைத்த பையும் அதை ஊதிவிட ஒரு வெடிமருந்து வில்லையும் இருக்கின்றன. கண் இமைத்து முடிப்பதற்குள் பை முழுதாக விரிந்துவிடும். அதற்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில், உங்கள் முகத்தை வையுங்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் பவர் விண்டோவையும் ஸ்டீயரிங்கையும் மேலும் கீழும் ஓட்டி எல்லையைப் பழக்கிவிட வேண்டும், கடிகாரத்தையும் திருத்த வேண்டும். யாரால் ஆகும்? அப்படியே கழற்றினாலும் காத்திருக்காதீர்கள். மோதலில் பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். அது வடிவதற்கு எத்தனை நிமிடம் விட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கையேடு டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில், பழைய கம்பெனி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. இருக்கட்டும்.

மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிகிறதா? தொடாதே என்று சொல்லத்தான் அந்த மஞ்சள். நீங்கள் டெஸ்ட் லேம்ப் வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்க்கலாம் என்று மச்சான் சொன்னால் அவரையே செய்ய விடுங்கள். அந்தச் சிறு மின்சாரமே வில்லையைக் கொளுத்தப் போதுமானதாகிவிடலாம் என்பதால்தான் எல்லாக் கையேடுகளும் அதைத் தடுக்கின்றன. கழற்றிய பையை முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். வெடித்தால் முழு யூனிட்டும் கூரையை நோக்கிக் கிளம்பும். மேல்மாடிக்காரர் ஏற்கெனவே உங்கள் பார்க்கிங் பற்றிக் கோபத்தில் இருக்கிறார்.

7. ஸ்டீயரிங்கைப் பிடுங்குங்கள்

சிக்கியது அடியில் இருக்கும் மோட்டார். அதற்கு ஸ்டீயரிங்கைக் கழற்றத் தேவையே இல்லாத வண்டிகள் உண்டு. இருந்தாலும் கழற்றுங்கள், வந்தது வந்தோம்.

எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று மார்க்கர் பேனாவால் கோடு போடாதீர்கள். திரும்பப் போடும்போது ஒரு பல் தள்ளி உட்காரும், அண்ணா சாலையில் நேராகப் போகும்போதும் உங்கள் ஸ்டீயரிங் ஆயிரம் விளக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஸ்டீயரிங் வர மறுக்கிறதா? நடு நட்டை இரண்டு மரை மிச்சம் வைத்துத் தளர்த்திவிட்டு ஆட்டுவது கோழைகளின் வழி. நட்டை முழுதாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இரு கையாலும் நெஞ்சை நோக்கி இழுங்கள். வராது, வராது, பிறகு ஒரேயடியாக வரும், மூக்குக்கு.

வந்ததும் உள்ளே ஒரு வட்டமான டப்பா தெரியும். சுருளாக மடித்த தட்டை வயர் அதற்குள் இருக்கிறது. சுற்றுகிற ஸ்டீயரிங்குக்கும் சுற்றாத வண்டிக்கும் இடையே ஹாரன், ஏர்பேக், பட்டன் எல்லாவற்றுக்கும் அதுதான் பாலம். நடுவில் நிற்க வேண்டிய அதைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குழந்தையிடமும் கொடுக்கலாம். பொருத்தி முதல் யூ-டர்ன் அடிக்கும்போது வயர் அறுந்து ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரன் போகும். ஹாரன் இல்லாமல் சென்னையில் கார் ஓட்டிய முதல் மனிதர் என்ற பெயர் உங்களுக்கே.

8. சுத்தியல்

கடைசியில் எல்லாரும் வந்து சேரும் இடம் இது. தண்டின் நுனியில் ஓங்கி அடியுங்கள். பழைய கார்களில் மோதல் நடந்தால் ஸ்டீயரிங் தண்டு ஈட்டியாக வந்து டிரைவர் நெஞ்சில் இறங்கியது. அதைத் தடுக்கத்தான் மடங்கும் தண்டு வந்தது. மோதும்போது அது பின்னால் ஐந்து அங்குலத்துக்கு மேல் வரக் கூடாது என்று 1968 முதல் அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. மோதலில் அறுந்து தண்டைச் சுருங்க விடுவதற்காகவே சில வண்டிகளில் பிளாஸ்டிக் முளைகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். சுத்தியலுக்கும் லாரிக்கும் அந்த முளைக்கு வித்தியாசம் தெரியாது. விபத்துக்கென்று வைத்திருந்ததை நீங்கள் பார்க்கிங்கிலேயே செலவழித்துவிடுவீர்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது என்பது இதன் தனி அழகு.

9. புதுப்பேட்டைக்குப் போங்கள்

பழைய கார் பாகங்கள் விற்கும் அந்தக் கடைகளில் பல்சக்கரம் மட்டும் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். பாகத்தின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டும் போகாதீர்கள். “பிளாக் கலர் வண்டிண்ணே, மோட்டார் இவ்ளோ பெருசு இருக்கும்” என்று கையைக் காட்டுங்கள். கடைக்காரர் ஒரு முழுத் தண்டையே தூக்கிப் போடுவார். எந்த விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டால் அவர் மனம் புண்படும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். நீங்கள் சுண்டைக்காயை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் கொடுத்து வருகிறீர்கள்.

10. மிச்ச ஸ்க்ரூக்கள்

எல்லாம் மாட்டிய பிறகு தட்டில் நாலைந்து ஸ்க்ரூ மீதம் இருக்கும். கம்பெனிக்காரன் தேவைக்கு அதிகமாகப் போட்டிருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

11. மெக்கானிக்கிடம் பேசும் முறை

“நான் எதையும் தொடலைண்ணே, திடீர்னு இப்படி ஆயிடுச்சு.” இந்த வசனத்தைக் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் பதில் பேசாமல் உறையைத் திறப்பார். தேங்காய் எண்ணெய் வாசனை வரும். ஜிகினாத் தாளை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார், அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சை மீறாதீர்கள். ஸ்டீயரிங்கின் நடு நட்டையோ, காலடியில் தண்டைக் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் போல்ட்டையோ கழற்றியிருந்தால், மாட்டியது சரியா என்று கடுகளவு சந்தேகம் இருந்தாலும், மெக்கானிக் கடை பக்கத்துத் தெருவில் இருந்தாலும், வண்டியை ஓட்டிப் போக வேண்டாம். ரெக்கவரி வண்டியை வரச் சொல்லி ஏற்றி அனுப்புங்கள். தெருவில் மற்றவர்களும் நடக்கிறார்கள்.