மொட்டைமாடியில் ஓரியன்

நெபுலாவைப் படம் பிடிக்க வீட்டு மொட்டைமாடி போதுமா, காவலூருக்குத்தான் போகணுமா? (செஞ்சி வாசகர்)

காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. அதற்குக் காத்திருக்கும் விஞ்ஞானிகள் வரிசையும் இருக்கிறது. மாடியே மேல்! ஆண்ட்ரூ காமன் என்ற இங்கிலாந்து இன்ஜினியர், 1883-ல் ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்தே ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். பிழைப்புக்குப் பார்த்த தொழில், கழிவுநீர்க் குழாய் சமாசாரம். மறு வருஷமே ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் தந்தது.

எங்கள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் ஏறி எடுத்தால் நெபுலா பக்கத்தில் வருமா?

வரும். சுமார் 1,300 ஒளியாண்டில் 800 அடி மிச்சம். அதற்குள் கோட்டைக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

கண்ணுக்குச் சாம்பல் புகை. போட்டோவில் மட்டும் செக்கச்செவேல். மேக்கப்தானே?

மேக்கப் போடாத முகமே அதுதான் சார். சூடான ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமராவோ மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேமிக்கும். ஒரு வில்லங்கம்: சாதாரண கேமராவுக்குள் இருக்கும் பில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் புது கேமராவைக் கழற்றி, பில்டரை எடுத்துவிடுகிறார்கள்.

நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்களேன்?

தை அமாவாசை. மழை ஓய்ந்திருக்கும், நிலா இருக்காது. நம் திருவாதிரை குடியிருக்கும் அதே ஓரியன் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். எதிர்வீட்டு எல்இடி விளக்குக்கு மட்டும் பஞ்சாங்கத்தில் பரிகாரம் இல்லை. பொங்கலுக்கே ஒரு தூக்கு சர்க்கரைப் பொங்கல் கொடுத்து வையுங்கள்.