துபாய்க் கடற்பார்வையியல்: ஒரு முன்னாய்வு

வீடு கிழக்குப் பார்த்ததா, வடக்குப் பார்த்ததா என்றுதான் நம் பெரியவர்கள் கேட்டார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அவர்கள் அலட்டிக்கொண்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் தெரு தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. ஆகவே ‘வியூ’ என்ற சரக்கைச் சதுர அடிக் கணக்கில் விலையேற்றி விற்கும் நகரத்தைப் பற்றித் தமிழில் ஆய்வு நடத்த வேண்டிய அவசியமும் எழவில்லை. இப்போது எழுந்திருக்கிறது. ஆய்வுக்களம் துபாய். ஆய்வுப்பொருள், ஆடம்பர அடுக்ககத்தின் சன்னலுக்கு வெளியே கிடக்கும் கடல். வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார். ஆனால் பத்திரத்தின் அளவுக்குள் அது வருவதில்லை.

முதலில் திணை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். பாலை நெய்தலாகத் திரிவதற்கு நம் இலக்கணத்தில் விதி கிடையாது. 2001-இல் பாம் ஜுமைரா வேலையைத் தொடங்கி துபாய் அந்த விதியை இயற்றியது. பாரசீக வளைகுடாவின் அடியிலிருந்து 9 கோடிக் கன மீட்டருக்கு மேல் மணலை உறிஞ்சி, கப்பல்களிலிருந்து வானவில் போல் பீய்ச்சியடித்துத் தீவு எழுப்பினார்கள். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மணலாக இருக்கும்போது கடலை ஏன் தோண்ட வேண்டும்? காற்றில் உருண்டு உருண்டு வழவழத்துப்போன பாலைவன மணல் இறுகி நிற்காதாம். திணை மயக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

அடுத்து வடிவம். வட்டமாகத் தீவு போட்டால் விளிம்பில் உள்ளவருக்குத்தான் கடல். நடுவில் வாங்கியவர் அண்ணா நகரில் வாங்கியவருக்குச் சமம். அதையே பேரீச்ச மரமாக்கி மட்டை மட்டையாகப் பிரித்துவிட்டால் கரை நீளம் பன்மடங்காகிறது, வில்லாவுக்கு வில்லா கடற்கரை கிடைக்கிறது. பயனும் அதே அளவு நுட்பமானது. மட்டையில் வில்லா வாங்கியவர் பின்வாசலைத் திறந்தால் தண்ணீர். தண்ணீருக்கு அக்கரையில் அடுத்த மட்டைக்காரரின் பின்வாசல். அவர் என்ன துணி காயப்போட்டிருக்கிறார் என்பது துல்லியமாகத் தெரியும். மரம் மட்டும் தெரியாது, அது வானத்திலிருந்து பார்ப்பவருக்கு உரியது. குடியிருப்பவருக்கும் ஆசை இருக்குமே என்று 2021-இல் தீவிலேயே ஒரு கோபுரத்தின் 52-ஆம் மாடியில், 240 மீட்டர் உயரத்தில், ஒரு பார்வைத் தளம் திறந்தார்கள். டிக்கெட் எடுக்க வேண்டும். தீவைச் சுற்றிப் பிறை போல வளைந்து கிடக்கும் அலைத்தடுப்பின் நீளம் 11 கிலோமீட்டர். அதை இடைவெளியே இல்லாமல் கட்டினால் உள்ளே நீர் தேங்கிக் கெட்டுவிடும் என்று இரண்டு இடத்தில் வழி விட்டார்கள். கடலுக்கும் தெப்பக்குளத்துக்கும் அங்கே வித்தியாசம் அந்த இரண்டு சந்துதான்.

இனி வகைப்பாடு. ‘ஃபுல் சீ வியூ’, ‘பார்ஷியல் சீ வியூ’, ‘கம்யூனிட்டி வியூ’ என மூன்று என்மனார் தரகர். கம்யூனிட்டி வியூ என்பது எதிர்க் கட்டடம். இந்தப் பகுப்பு போதாது என்பது எம் கருத்து. வைணவ மரபு இதைவிடச் செம்மையான ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஹாலில் நின்றால் கடல் தெரிவது நின்ற கோலம். சோபாவில் உட்கார்ந்தபடி தெரிந்தால் இருந்த கோலம், விலை ஏறும். மாஸ்டர் பெட்ரூம் கட்டிலில் படுத்தபடியே தெரிந்தால் கிடந்த கோலம். அதற்குப் பெருமாள் அருளும் வேண்டும், பெரிய முதலும் வேண்டும். திவ்ய தேசங்களில் இல்லாத நான்காவது ஒன்றும் உண்டு. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக உடம்பை வளைத்தால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நீலமாக ஒரு கோடு தெரியும். இது எட்டிய கோலம். ‘பார்ஷியல்’ என்று விளம்பரமாவதில் கணிசமான பகுதி இதுவே என்று ஐயுறுகிறோம்.

சட்டப் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டார் ஃப்ரீஹோல்டாக வாங்கலாம் என்ற கதவு 2002-இல் திறந்தது. 2006-இன் 7-ஆம் எண் சட்டம் அதற்குத் தாழ்ப்பாளும் கீலும் போட்டது. குறித்த பகுதிகளில் மட்டும் வாங்கலாம். துபாய் நிலத்துறைக்கு 4 சதவீதப் பதிவுக் கட்டணம். கட்டி முடியாத வீட்டுக்குக் கட்டும் பணம் எஸ்க்ரோ கணக்குக்குப் போக வேண்டும் என்பது 2007-இன் 8-ஆம் எண் சட்டம். பணத்துக்கு இப்படி ஒரு காவல் வந்தது. பார்வைக்கு வரவில்லை.

பார்வை காவலின்றி விற்பனையாவதைக் காண துபாய் வரைகூடப் போக வேண்டாம். சென்னையின் நட்சத்திர ஹோட்டல்களில் வார இறுதியில் நடக்கும் துபாய் வீட்டுக் கண்காட்சி ஒன்றே போதும். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டட மாதிரி. கடல் என்பது நீல அக்ரிலிக் பலகை, அதன்மேல் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு படகு. கோட்டுப் போட்ட இளைஞர் லேசர் புள்ளியை 34-ஆம் மாடியில் வைத்து, “இதுதான் சார் உங்க யூனிட். ஃபுல் சீ வியூ. இன்னிக்கு ரெண்டே யூனிட்தான் மிச்சம்” என்கிறார். கணவர் இ.எம்.ஐ. கணக்கில் மூழ்கியிருக்கிறார். மனைவிதான் ஆய்வு மனப்பான்மை உள்ளவர்.

“கிச்சன் ஜன்னலத் தொறந்தா கடல் தெரியுமா?”

“ஓப்பன் கிச்சன் மேடம். ஹால்லேர்ந்தே தெரியும்.”

“சரி, ஹால் ஜன்னலத் தொறந்தா?”

“தொறக்காது மேடம். ஃபிக்ஸட் கிளாஸ்.”

“அப்ப மீன் பொரிச்சா வாசம் எங்க போகும்?”

இளைஞரின் லேசர் புள்ளி ஒரு கணம் நீலப் பலகையில் தடுமாறியது. கணவர், “ஏம்மா, துபாய்ல போயி மீனா பொரிக்கப் போற?” என்றார். நெய்தல் நிலத்தின் கருப்பொருளே மீன்தான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

“முன்னாடி கடல்தான் சார், இனிமே மறைக்க எதுவும் வராது” என்பது இத்துறையின் அடிப்படைச் சூத்திரம். துபாயில் இது எப்போதும் செல்லும் என்று சொல்ல முடியாது. ஜே.பி.ஆர். எனப்படும் ஜுமைரா பீச் ரெசிடென்ஸ் கடற்கரைக்கு முதல் வரிசைக் கோபுரங்கள். அவற்றுக்கு எதிரிலேயே கடலைத் தூர்த்து புளூவாட்டர்ஸ் தீவைப் போட்டு, அதன்மேல் 250 மீட்டர் உயர இராட்டினம் ஒன்றை நிறுத்தினார்கள். நிலம் நகராது என்பதால் அசையாச் சொத்து. கடல் நகரும் என்பதைப் பத்திரம் எழுதுகிறவர் கணக்கில் எடுக்கவில்லை. நாலாபுறமும் மறைப்பே இல்லாத கடல் வேண்டுமானால் 2003-இல் தொடங்கிய ‘தி வேர்ல்ட்’ தீவுக் கூட்டம் இருக்கிறது. உலக வரைபடம் போல ஏறத்தாழ 300 தீவுகள். 2008 நெருக்கடிக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவை மணல் திட்டாகவே நின்றுவிட்டன. பார்வை அங்கே குறைவின்றி இருக்கிறது, வீடுதான் இல்லை.

உயரமாகப் போனால் எதுவும் மறைக்காது என்பார்கள். 2010-இல் திறந்த 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா இதற்குச் சோதனைக்கூடம். கீழே அஸ்தமித்த சூரியன் மேல் மாடியில் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும் என்பதால், 80-ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் ரமலான் நோன்பை 2 நிமிடம் தாமதமாகவும், 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் தாமதமாகவும் திறக்க வேண்டும் என்று 2011-இல் துபாய் மார்க்க அறிஞர் அறிவித்தார். கூடுதலாகக் கிடைத்த பார்வைக்குக் கூடுதல் பசி. பிற நாட்டு ரியல் எஸ்டேட்டில் இவ்வளவு நேர்மையான கணக்கை யாம் கண்டதில்லை.

பணம் எப்படிப் போகிறது என்பது குடும்பவியலைச் சேர்ந்தது. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஒரு டாலர் 3.6725 திர்ஹம் என்று 1997 முதல் கட்டிப்போடப்பட்டிருப்பதால் தலைக்கு 9,18,125 திர்ஹம். கணவனும் மனைவியுமாக 18,36,250. வீட்டின் விலை 20 லட்சம் திர்ஹம் என்று கொள்வோம். பத்தாண்டு கோல்டன் விசாவின் வாசல் அங்கே இருப்பதால் எல்லாக் கணக்கும் அந்த எண்ணையே சுற்றி வரும். துண்டு விழுவது 1,63,750. ஏப்ரல் 1 வரை பொறுத்தால் புது ஆண்டுக் கோட்டா வந்துவிடும். ஆனால் மிச்சமிருப்பது இரண்டே யூனிட் ஆயிற்றே! அதுவரை ஊரிலிருந்த மாமியார் இந்தக் கட்டத்தில் குடும்பத்துக்குள் மறுபிரவேசம் செய்கிறார். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. சொத்தில் கூட்டு உரிமையாளராக இல்லாதவரின் கோட்டாவைச் சேர்க்க விதி இடம்தராது. அவர் பங்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது எம் மதிப்பீட்டில் பால்கனி. எட்டிய கோலம் முழுக்க அவருக்குச் சொந்தம். பங்கு இப்படிப் பிரிந்தபின் விசா யாருக்கு என்பதைத் தனி ஆய்வாக விட்டுவைக்கிறோம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிக்கும்போது வீட்டில் நடக்கும் உரையாடலையும் அப்படியே.

கடைசியாக வாஸ்து. துபாயின் கடற்கரை வடமேற்குப் பார்த்தது. தென்கிழக்கே ஷேக் சாயித் சாலையும் பாலைவனமும். ஆக, கடல் பார்த்த வீடு என்றால் வாயு மூலை பார்த்த வீடு. வாயு மூலை ஆட்களை ஓரிடத்தில் தங்கவிடாது என்பது வாஸ்துக்காரர்களின் பழைய கணிப்பு. வாங்கியவர் சென்னையிலேயே இருக்கிறார், வீட்டில் வாடகைக்காரர் இருக்கிறார் என்பதால் கணிப்பு மெய்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளலாம். ஜூன் மாதத்தில் மாலைச் சூரியன் இறங்குவதும் ஏறத்தாழ அந்தத் திசையில்தான். திறக்காத கண்ணாடி, வெளியே 40 டிகிரிக்கு மேல், மாதா மாதம் சில்லர் பில். கடலைப் பார்க்கும் வாய்ப்பு உலகிலேயே தமக்கு மட்டும் வாய்த்த அந்த வாடகைக்காரர், குடிவந்த இரண்டாம் வாரம் உரிமையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புகிறார்: ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் வெளிச்சமே புகாத பிளாக்அவுட் கர்ட்டன் போட்டுத் தர வேண்டும், செலவு வீட்டுக்காரருடையது.