பெயர்ப்பலகைக்கு 141 வருடம்

கேள்வி: கொல்கத்தா ஸ்டார் தியேட்டருக்கு அந்தக் கால நடிகை பினோதினி பெயரை வைத்துவிட்டார்களே, சந்தோஷம்தானே?
- வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: சந்தோஷம்தான். கொஞ்சம் தாமதம், அவ்வளவே! 1883-ல் குர்முக் ராய் என்ற பணக்காரர் நாடகக் கொட்டகை கட்டப் பணம் தரத் தயாராக இருந்தார். பதிலுக்கு பினோதினி தாசி அவருக்கு ஆசைநாயகி ஆக வேண்டும். சக நடிகர்கள் கெஞ்ச, சம்மதித்தார். கொட்டகைக்கு அவர் பெயரையே வைப்பதாக ஆசை காட்டினார்கள். பதிவானதோ 'ஸ்டார்' என்று. தாசி பெயர் இருந்தால் கௌரவமானவர்கள் உள்ளே வரமாட்டார்களாம். அதே தாசி மேடையேறினால் மட்டும் டிக்கெட் வாங்கி முண்டியடித்தார்கள்! 1884-ல் 'சைதன்ய லீலா'வில் அவர் சைதன்யராகவே நடித்ததைப் பார்த்து ராமகிருஷ்ண பரமஹம்சர் ஆசீர்வதித்தார். ஆண் மகானாக நடிக்கத் தடையில்லை. பலகையில் பெண்ணாக இருக்கத்தான் தடை. இருபதுகளின் நடுவிலேயே மேடையை விட்டு விலகிவிட்டார்.

2024 டிசம்பரில் மம்தா பானர்ஜி பெயர் மாற்றத்தை அறிவித்தார். அதிலும் ஒரு வேடிக்கை. பினோதினி நடித்தது பீடன் தெருவில் இருந்த பழைய ஸ்டாரில். பெயர் கிடைத்திருப்பது, அவர் விலகிய பிறகு ஹாதிபாகானில் எழும்பிய புது ஸ்டாருக்கு!