தோளில் கிடந்தால் தோல் வாழும்

அரசியலும் சினிமாவும் கேட்டுக்கொண்டிருந்த விழுப்புரம், திண்டிவனம் வாசகர்கள் இந்த வாரம் ஆளுக்கொரு தோல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சரி, திறந்து பார்ப்போம்.

● தோல் பையை நெடுநாள் வைத்திருக்க ஒரே வரியில் வழி சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவி, திண்டிவனம்)

வைத்திருக்காதீர்கள், எடுத்துக்கொண்டு போங்கள்.

● ஃபெஞ்சல் புயலில் நனைந்த அப்பாவின் ஆபீஸ் பையைக் காயவைத்து, பாலிதீன் கவரில் சுற்றி பீரோவில் வைத்தோம். பிறகு திறந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
(இல்லத்தரசி, மயிலம்)

அவசரப்படாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், உங்கள் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அதிலேயே தப்பிய பையை மாட்டிவிட்டது பாலிதீன் கவர்தான். உள்ளே மிச்சமிருந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. தோலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பூசணத்துக்கு விருந்து.

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது தோலுக்குள்ளிருந்து மேலே வந்த கொழுப்பு. துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. மறையாமல் நின்று, மக்கிய வாடையும் அடித்தால் பூசணம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் வைத்து பழைய பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அடுத்த பைக்கும் விதை போட்டதாகிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, பையின் அடிப்பக்கம் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறவில்லை என்றால் முழுதும் துடைக்கலாம். லைனிங்கையும் வெளியே இழுத்துத் துடையுங்கள், பூசணம் ஒளிவது அங்கேதான். பிறகு இரண்டு மூன்று நாள் நிழலில், காற்றோட்டத்தில், வாயைத் திறந்தபடி தொங்கட்டும். அடுத்த முறை பீரோவில் வைக்கும்போது பழைய பருத்தித் தலையணை உறை போதும்.

● மழையில் நனைந்த பையை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தால் சீக்கிரம் வேலை முடியுமே?
(ஐ.டி. ஊழியர், விக்கிரவாண்டி)

பையின் வேலையும் சேர்ந்து முடியும். ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதப்படுத்திய தோல், ஈரமாக இருக்கும்போது 75 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள் சுருண்டுவிடும். சுருண்டதை நீட்ட முடியாது. வெயில் அந்த அளவுக்குச் சுடாது, ஆனால் வேகமாகக் காய்ந்தால் தோல் அப்பளம்போல விறைக்கும். உள்ளே பழைய துண்டைத் திணித்து நிழலில் விடுங்கள். செய்தித்தாளைத் திணித்தால் மை ஏறும். பத்திரிகைக்காரனே சொல்கிறேன், நம்புங்கள்.

● தேங்காய் எண்ணெய் பூசினால் பை பளபளக்கும் என்கிறார் மாமியார். கடலை எண்ணெய்தான் நல்லது என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?
(புதுமணப்பெண், திண்டிவனம்)

திண்டிவனத்தில் கடலையைக் குறை சொல்லிவிட்டு பஸ் ஏற முடியுமா? டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நிலக்கடலை ரகங்களே உங்கள் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரையோடு ஊர் ஊராகப் போயிருக்கின்றன. ஆனாலும் கடலை எண்ணெய்க்கு இடம் வாணலி, தேங்காய் எண்ணெய்க்கு இடம் தலை. தோலில் ஏறினால் முதல் வாரம் பளபளப்பு. அப்புறம் நிறம் கறுக்கும், தூசி ஒட்டும், காறல் வாடை அடிக்கும், வாடையைத் தேடி எலியும் கரப்பானும் வரும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், போகப்போகப் பிசுபிசுக்கும். தேன்மெழுகு கலந்த லெதர் கிரீம் வாங்கி, ஒரு கடலைப்பருப்பு அளவு எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெல்லிசாகத் தேய்த்தால் போதும். இரண்டு பேரும் தோற்றதால் வீட்டில் சமாதானம் நிலவும்.

● ‘ஒரிஜினல் லெதர்’ என்று சத்தியம் செய்து விற்ற பை, ஒரே வருடத்தில் பொருக்குப் பொருக்காக உரிகிறது. எதைப் பூசினால் நிற்கும்?
(ஆசிரியர், விழுப்புரம்)

உரிவது தோல் இல்லை, அந்தச் சத்தியம். துணிமேல் பூசிய பாலியூரித்தேன் படலம் அது. நம் ஊர்க் காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும். எதைப் பூசினாலும் நிற்காது. அடுத்த முறை பையின் முகத்தைப் பார்க்காமல் வெட்டிய விளிம்பைப் பாருங்கள். பட்டையின் ஓரம், பக்கிள் துளை. அங்கே இழை இழையாகத் தெரிந்தால் தோல், துணியும் மேலே ஒரு படலமும் தெரிந்தால் ரெக்சின் வகை. தோல் துகளைப் பசையில் குழைத்துத் தட்டிய ‘பாண்டட் லெதர்’ என்று மூன்றாவது ரகமும் உண்டு. துகள் இருக்கிறது என்ற தைரியத்தில் அதுவும் லெதர் என்று சொல்லிக்கொள்ளும். கடைக்காரர் லைட்டரை எடுத்தால் நம்பிவிடாதீர்கள். அக்னிப் பரீட்சை சீதையோடு முடியட்டும்.

● கண்டக்டர் தோளில் தொங்கும் பை மட்டும் எப்படி அத்தனை வருடம் உழைக்கிறது?
(விழுப்புரம் – திண்டிவனம் தினசரிப் பயணி)

1997 வரை தந்தை பெரியார் பெயரில் ஓடிய போக்குவரத்துக் கழகத்துக்கு உங்கள் விழுப்புரம்தான் தலைமையகம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தடித்த தோல், அகன்ற பட்டை, மேலே ஒரு மூடி: அந்தப் பையில் அலங்காரத்துக்கு என்று ஒன்றும் கிடையாது. தினமும் வெளியே வருவதால் காற்றுப் படுகிறது. முக்கியமாக, ஓட்டை விழுந்தால் உடனே தைத்தாக வேண்டும். சில்லறை கொட்டினால் கணக்கு உதைக்குமே! நம் பையில் கிழிசல் சின்னதாக இருக்கும்போது எதுவும் கொட்டுவதில்லை. அதனால்தான் பெரிதாகும்வரை விட்டுவைக்கிறோம்.

● காப்பி நிறப் பையில், இரும்பு பக்கிள் பட்ட இடமெல்லாம் கருநீலப் புள்ளி. எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை. என்ன அழுக்கு இது?
(மருந்துக்கடை ஊழியர், செஞ்சி)

அழுக்கு இல்லை, மை. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்ந்தால் கறுப்பாகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான். மரப்பட்டை, கடுக்காய்த் துவர்ப்பில் பதமான தோலில் மழைத்தண்ணீரோடு இரும்பு உரசினால், மை அங்கேயே தயார். சோப்பை நிறுத்துங்கள், தோலின் எண்ணெய்தான் போகும். எலுமிச்சைச் சாற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். மங்கியதும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட்டு, பக்கிளைப் பித்தளைக்கு மாற்றுங்கள். ஓர் ஆறுதல்: இந்தக் கறை வந்திருப்பதால் உங்கள் பை நிஜத் தோல்தான்.

● தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்கிறார்கள். நம்ம பக்கத்துக்குப் பெருமையே இல்லையா?
(போட்டித் தேர்வு மாணவர், வானூர்)

உங்கள் வட்டத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டம்தானே? அங்கே இருந்த திலீப் கபூர் 1978இல் தொடங்கிய சிறு பட்டறைதான், தாவரப் பதத் தோல், பித்தளைப் பூட்டு என்று வெளிநாட்டுக் கடைகள் வரை போன புதுச்சேரி ஹைடிசைன். தேர்வுக்கு இன்னும் இரண்டு குறித்துக்கொள்ளுங்கள்: அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948. ஆவாரம் பட்டை மரபில் வந்த ‘ஈ.ஐ. லெதர்’, புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுத் தோல். கேள்வி வந்தால் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பவும்.

● ஜிப்பை மூடினால் பின்னாலேயே திறந்துகொண்டு வருகிறது. முழு ஜிப்பையும் மாற்றணும் என்கிறார்கள்.
(வங்கி ஊழியர், விழுப்புரம்)

பல்லைப் பிடுங்கும் முன் ரன்னரைப் பாருங்கள். இழுத்து இழுத்து அதன் இரண்டு தட்டும் அகன்றிருக்கும். குறடால் இரண்டு பக்கமும் மாறி மாறி லேசாக அழுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். மொத்த பலத்தையும் காட்டினால் உடைந்துவிடும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால், ரன்னரின் முதுகில் பெரும்பாலும் 5 என்றோ 8 என்றோ பொறித்திருக்கும். அதே எண்ணில் புது ரன்னர் மாட்டச் சொல்லுங்கள். பல்லே விழுந்திருந்தால்தான் முழு ஜிப் செலவு. ஓட்டம் முரண்டு பிடித்தால் மெழுகுவத்தியை ஒரு தேய் தேய்த்தால் போதும்.

● தோள்பட்டையில் தையல் விட்டுவிட்டது. ஃபெவிக்விக் போட்டால் நிற்குமா?
(விற்பனைப் பிரதிநிதி, திண்டிவனம்)

நிற்கும், பஸ் வரும்வரை. அந்தப் பசை கல்லாக இறுகும், தோலோ வளையும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். பஸ் ஸ்டாண்ட் ஓரம் குடையடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைக் கவனியுங்கள். கொக்கி ஊசியைத் தோலில் இறக்குவார். அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுப்பார். வந்த வளையத்துக்குள் நூலின் மறுமுனையை விட்டு, இரண்டு கையாலும் சுண்டி இறுக்குவார். ஒவ்வொரு தையலும் தனித்தனியாக இறுகுகிறது. பழைய துளையிலேயே தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை நெருக்கமாக விழுந்தால் அந்த வரியோடு கிழியும்.

● அவர் ஐம்பது ரூபாய் கேட்கிறாரே, நாலு தையலுக்கு?
(அதே விற்பனைப் பிரதிநிதி)

ஷோரூமில் பில்லைப் படிக்காமல் கார்டைத் தேய்த்தவர், குடையடியில் வந்து பேரம் பேசுகிறீர்கள். நூலுக்கு விலை குறைவுதான், எங்கே குத்தணும் என்று தெரிந்த கைக்குத்தான் கூலி. தோல் தைப்பவரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் தைத்த பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்ட சமூகம் இது. அந்தப் பழைய பாக்கியில் உங்கள் ஐம்பது ரூபாய் வட்டிக்கும் காணாது. கொடுங்கள். கூடவே ‘வாங்க, போங்க’ என்று பேசுங்கள்.

● தோல் என்றாலே பாலாறு ஞாபகம் வருகிறது. தோல் பை வைத்திருப்பது பாவமா?
(சூழல் ஆர்வலர், மரக்காணம்)

ஞாபகம் வரத்தான் வேண்டும். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் காலூன்ற அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். பயந்து ரெக்சின் பக்கம் ஓடினால் அது பெட்ரோலியம், சீக்கிரமே குப்பைமேடு. என் கணக்கு எளிது: புதுத் தோல் பை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆற்றிடம் தண்ணீர் கேட்கும். தைத்த பழைய பை கேட்பது இரண்டு முழம் நூல்.

● காதலி வாங்கிக் கொடுத்த தோல் பை. இப்போது பேச்சுவார்த்தை இல்லை. திருப்பிக் கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா?
(பெயர் வேண்டாம், விழுப்புரம்)

தையல் விட்டிருந்தால் தைத்துவிடலாம், உரிந்துபோயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எது என்று நிதானமாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் பையைச் சொல்லவில்லை.