கந்தோரியல்: புத்தூர்ப் பாடம்

ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு நான்கு உவமை சொன்னார் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதினார். இருவரும் கந்தோரில் வேலை பார்த்தவர் அல்லர். பார்த்திருந்தால், இந்நான்கும் பள்ளிக்கூடத்தோடு நில்லா என்று கண்டிருப்பர்.

கழற்குடம், கேட்ட ஒன்றை விட்டு மற்றதெல்லாம் கொட்டும். கூட்டங்களில் மிகுதியாய் விளையும். பருத்திக் குண்டிகை அதன் மறுதலை. சுற்றறிக்கை வந்ததை இன்று சொல்லும். முடிவுத் திகதி நேற்று என்பதை நாளை சொல்லும். இரண்டுக்கும் மருந்து, எழுத்தில் கேட்டல்.

மடற்பனை யாழ்ப்பாணத்தாருக்கு உரை வேண்டாதது. கருக்குமட்டை சூழ நிற்கும். ஏற முடியாது, தானாய் விழுந்தால்தான் பழம். அலுமாரித் திறப்பு இவரிடமே இருக்கும். பத்து மணிப் பிளேன்ரீ முடிந்தபின் மரத்தடியில் போய் நிற்க.

முடத்தெங்குக்குத்தான் உரை விரிய வேண்டும். நீர் வார்த்தவன் வளவில் வேர், அடுத்தவன் வளவில் குலை. வேலை பழக்கியவர் நீங்கள். அட்டவணை போட்டவரும் நீங்கள். "நான்தான் சேர் இருந்து முடிச்சனான்" என்று கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். பின்னால் நின்று புறுபுறுத்தல் ஆகாது. கூட்டத்திலேயே, குரல் உயராமல் சொல்க: "சேர், உதிலை மூண்டாம் அட்டவணை நான் செய்தது. சந்தேகம் எண்டா என்னட்டைக் கேளுங்கோ." இதில் கோபம் இல்லை, முறைப்பாடு இல்லை, அட்டவணை எண் உண்டு என்பது நோக்குக. தொடக்கத்தில் "குறை நினையாதேங்கோ சேர்" என்று சேர்த்து ஓதுவாரும் உளர், அது பிழைபாடம்.

ஐந்தாவது, பவணந்தியார் அறியாதது. புத்தூருக்கே உரியது: நிலாவரை. அந்தச் சுண்ணக்கல் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இவ்வகையாரும் அளவாய் அள்ளினால் இனிப்பர். அதிகம் இறைத்தால் உப்புக் கிளம்பும். இன்னொரு நுட்பமும் உண்டு. நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது ஊர்க்கதை. இவர் காதில் போட்டது பெரியவரின் மேசையில் மிதக்கும். ஆகவே இவரைப் பகைத்தல் தவறு. ஒதுக்குதல் அதனினும் தவறு. மாற்றலாகிப் போனவருக்குப் பதில் ஆள் கேட்டுக் கடிதம் எழுதி எழுதிக் களைத்த ஒருவர், ஒரு வெள்ளி பின்னேரம், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை, நானும் மாற்றம் கேக்கப்போறன்" என்று எலுமிச்சம்பழம் ஒன்றை இட்டார். திங்கட்கிழமை புது ஆள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.