உட்கார்ந்த இடத்திலிருந்தே அமேசானைக் காப்பாற்ற ஆறு படிகள்

பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். மீதி இதோ.

1. காட்டிலிருந்து முதலில் ஆட்களை அப்புறப்படுத்துங்கள். விடியுமுன் கிளம்பி, மரம் மரமாகப் பட்டையைச் சாய்வாகக் கீறி, தகரக் கிண்ணம் செருகி, மத்தியானம் அதே தடத்தில் திரும்பிவந்து பாலைச் சேகரிக்கும் ரப்பர்த் தொழிலாளி உங்கள் வால்பேப்பருக்கு ஆகமாட்டார். கிளி போதும்.

2. தீப்பிடித்தால் உடனே படம் பகிருங்கள். எப்போது எடுத்தது என்று பார்க்காதீர்கள். 2019 ஆகஸ்டில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பகிர்ந்த படத்தை எடுத்தவர் 2003-லேயே காலமானவர். கூடவே "உலகின் நுரையீரல்" என்று எழுதுங்கள். காடு தரும் ஆக்சிஜனை ஏறத்தாழ முழுக்கக் காடே செலவழித்துவிடுகிறது என்பவரை பிளாக் செய்யுங்கள்.

3. நேரில் போய் மறிக்காதீர்கள். 1970-களில் பிரேசிலின் ஆக்ரே மாநிலத்து ரப்பர்த் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு போய், மரமறுக்க வந்த கூலிகளின் எதிரே நின்றார்கள். வந்தவர்களும் ஏழைகள் என்பதால் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். எவ்வளவு நேர விரயம்! உங்கள் ஆன்லைன் மனுவுக்கு ஒரு தட்டு போதும்.

4. சங்கம் என்றால் ஒதுங்கிப் போங்கள். அதே ஆக்ரேயில் ஷாபூரி ஊரின் தொழிலாளர் சங்கத் தலைவர் சிக்கோ மென்டிஸ் காட்டோடு சேர்த்து நில உரிமை, பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேட்டார். அது அரசியல். உங்களுடையதோ இயற்கை நேசம்.

5. போராளி சாகும்வரை பொறுத்திருங்கள். கொலை மிரட்டல் இருக்கிறது என்று மென்டிஸ் ஊரறியச் சொன்னார். காவலுக்குப் போலீசும் இருந்தது. 1988 டிசம்பர் 22 அன்று, குளிக்கப் பின்கதவைத் திறந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். இனி அவர் முகத்தை டி-ஷர்ட்டில் போடலாம். 1990-இல் அவர் பெயரில், தொழிலாளர்கள் பிழைப்பை விடாமல் காக்கும் காடாக 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. இதை டி-ஷர்ட்டில் போடாதீர்கள், இடம் போதாது.

6. மரத்துக்கு மட்டும் சட்டம் கேளுங்கள். பிரேசில் கொட்டை மரத்தை வெட்ட அந்நாட்டில் தடை உண்டு. பண்ணைக்காரரும் மதிக்கிறார்: சுற்றியுள்ள காட்டை அழித்து மாட்டுக்குப் புல் வளர்க்கிறார், அந்த ஒற்றை மரத்தைத் தொடுவதில்லை. மகரந்தம் சுமக்கும் காட்டுத் தேனீ வராததால் மரம் காய்ப்பது அரிது. கொட்டை பொறுக்கிப் பிழைத்தவருக்கு அங்கே இனி வேலையில்லை. மரம் நிற்கிறதல்லவா? கணக்கில் வைத்துக்கொண்டு, அடுத்த காட்டைக் காப்பாற்றக் கிளம்புங்கள்.