சேக்கிழாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்

குன்றத்தூரில் அடுக்குமாடி வீடு வாங்கிய ஒருவரிடம் "வீடு எங்கே சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். தெருப்பெயர் வராது, இரண்டாம் குலோத்துங்கன் வருவான். அவனுடைய அமைச்சர் சேக்கிழார் வருவார். பெரிய புராணம் வரும். நீங்கள் காபியை முடித்துச் செருப்பை மாட்டும் நேரத்தில்தான் "பி பிளாக், மூணாவது மாடி" வரும்.

வங்கி வக்கீல் கேட்பது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. நம்மவரோ 12ஆம் நூற்றாண்டிலிருந்தே தாய்ப்பத்திரம் கையில் இருப்பதுபோலப் பேசுவார். பெரிய புராணத்தில் ஒரு நாயன்மார் கதையைச் சொல்லச் சொன்னால், "அதான் கோயில்ல வரிசையா நிக்கறாங்களே சார்" என்று நழுவிவிடுவார். படிக்க அவருக்கு எங்கே நேரம்? மாதத் தவணை பாக்கி இருக்கிறது.

மனசில் இருந்தது மயிலாப்பூர்தான். கையில் இருந்த பணம் கிண்டியிலும் நிற்கவில்லை, போரூரிலும் நிற்கவில்லை. இங்கே வந்துதான் மூச்சு வாங்கி உட்கார்ந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? "சிட்டி சத்தம் ஒத்துக்கல சார். பாரம்பரியமான ஊரா இருக்கணும்னு வீட்ல ஆசைப்பட்டாங்க" என்பார். வீட்டில் ஆசைப்பட்டவர் அந்த நேரம் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைப்பார்.

விற்றவர் சொன்ன "ஏர்போர்ட் இருபதே நிமிஷம்" உண்மைதான், அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால். வாசல் வடக்குப் பார்த்திருக்கிறதே என்று மாமனார் முகம் சுளித்தபோது நம்மவருக்கு முருகனே கைகொடுத்தார். 84 படி ஏறினால் மலைமேல் முருகன் வடக்குப் பார்த்துத்தான் நிற்கிறார். "அவருக்கே சரின்னா நமக்கென்ன மாமா?" மாமனார் அதற்குமேல் பேசவில்லை.

குடியிருப்புக்கு ஏதோ இத்தாலிய ஊரின் பெயர். இதை நான் குறை சொல்ல மாட்டேன். கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தின் மேல் பிரியம் வைத்து, அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு கோயில் எழுப்பியவர் சேக்கிழார். ஆக, வெளியூர்ப் பெயரில் கட்டுவது குன்றத்தூருக்குப் புதிதல்ல. அவர் கட்டியது எட்டு நூற்றாண்டு கடந்து நிற்கிறது. நம்மவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் இரண்டாவது மழைக்கே ஓதம்.

ஊர் மேல் அவருக்கு உள்ள பாசம் அளவில்லாதது. ஊர்க்காரர்கள்தான் இடைஞ்சல். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் புகார் அவருடையது. வாசலில் மாடு படுத்தால் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்புவார். அதே மாட்டை வேறு கோணத்தில் எடுத்து, "எங்கள் கிராமத்துக் காலை" என்று உறவினர்களுக்கும் அனுப்புவார். பேரூராட்சியாக இருந்த குன்றத்தூர் 2021இல் நகராட்சி ஆகிவிட்டது. பெருமைக்குக் கிராமம், குப்பைக்கு நகராட்சி என்று அவர் பிரித்து வைத்துக்கொண்டார்.

பால் ஊற்றும் பெரியவர் ஒருநாள் கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, "இங்கதான் சார் எங்கப்பா நாத்து விடுவாரு" என்றார். "அப்படியா பெரியவரே! ஞாயித்துக்கிழமை நாங்க பாரம்பரிய நடை வெச்சிருக்கோம். நீங்களும் வாங்க, ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்" என்றார் நம்மவர். பெரியவர் கால் லிட்டரை அளந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நடையின் முடிவில் ஒரு தீர்மானமும் போட்டார்கள்: இனி இந்தப் பக்கம் புதிதாக எதையும் கட்ட விடக்கூடாது, ஊரின் அழகே போய்விடும். முன்மொழிந்தவர் நம்மவர். சி பிளாக்குக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்த லாரி ஒதுங்கும்வரை காத்திருந்து கைதட்டினார்கள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கும் அவருக்கும் உள்ள உறவு மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். சித்திரையில் அது 'லேக் வியூ'. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்தால் தெரியும். அதற்காகச் சதுர அடிக்குக் கூடுதலாகவும் கொடுத்திருக்கிறார். கார்த்திகையில் அதே ஏரி வெறும் எண். முழு உயரம் 24 அடி. 21 என்றால் செய்தி பார்ப்பார். 22 என்றால் காரைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்துவார். உபரி நீர் திறக்கும்போது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் என்று வரிசையாகப் பெயர் சொல்லி எச்சரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் யாராவது போனில் விசாரித்தால், "நாங்க போரூர் பக்கம்" என்பார்.

குறை சொல்லவே எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். மலையடிவாரக் காற்று நல்ல காற்று, கோயில் அழகு, தறிநெய்யும் தெருக்களில் இன்னும் பட்டு நெய்கிறார்கள். நானே அங்கே வீடு பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்க்கப் போவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். பட்டாவையும் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தப் பால்காரப் பெரியவரிடம் கேளுங்கள். நம்மவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் 2019இல் வந்தவர்.